ஃபெல்ப்ஸ் ஏரிக்கரையில் ஓரிரவு: பெட்டிகுரூ மாநிலப் பூங்காவுக்கு முதன்முறை செல்வோருக்கான வழிகாட்டி

வட கரோலினாவின் ராலே, கேரி, மோரிஸ்வில் பகுதிகளில் புதிதாகக் குடியேறும் நம்மவர்கள் வார இறுதியில் வெளியூர் கிளம்பினால் பெரும்பாலும் மேற்கே மலைக்கோ கிழக்கே கடற்கரைக்கோ போய்விடுகிறார்கள். கடற்கரைக்குப் போகும் அதே 64-ஆம் எண் நெடுஞ்சாலையில், கிரெஸ்வெல் என்னும் சிற்றூரில் வலப்பக்கம் திரும்பிச் சில மைல் தூரம் வயல்களுக்கு நடுவே சென்றால் பெட்டிகுரூ மாநிலப் பூங்கா வந்துவிடும். ஒரு காலத்தில் இரண்டு பெருந்தோட்டங்கள் இருந்த நிலம் அது. அதன் முன்னால் விரிந்து கிடக்கும் ஃபெல்ப்ஸ் ஏரி சுமார் 16,600 ஏக்கர் பரப்புள்ளது. இம்மாநிலத்தின் இயற்கை ஏரிகளில் இரண்டாவது பெரியது.

நாங்கள் முதன்முறை சென்றபோது போலி இணையதளம் ஒன்றில் பணத்தை இழந்தோம். ஞாயிற்றுக்கிழமை சென்றதால் பார்க்க வேண்டிய முக்கியமான இடம் பூட்டிக் கிடந்தது. இரவு வாயிற்கதவு அடைக்கப்படும் நேரத்தை விசாரிக்காமல் போய், குழந்தைகளுடன் பிளிமத் நகரத்துக்குத் திரும்பி விடுதி தேடினோம். இந்தப் பூங்காவில் உணவகமோ கடையோ கிடையாது, கைப்பேசித் தொடர்பும் நம்பத்தக்கதாக இல்லை. ஆகவே ஏறத்தாழ எல்லா வேலைகளையும் வீட்டில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். அவற்றை எந்த வரிசையில் செய்தால் சிரமம் இல்லை என்பதை, அதன்பின் பலமுறை சென்று வந்த அனுபவத்தில் கீழே எழுதியிருக்கிறேன்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

பள்ளி விடுமுறை என்பதால் ஜூன், ஜூலையில் போகலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். கூடாரம் அடித்துத் தங்க அது நல்ல காலம் அன்று. சுற்றிலும் சதுப்பு நிலமும் வாய்க்கால்களும் இருப்பதால் கோடையில் கொசுவும், துணியையும் தாண்டிக் கடிக்கும் ஒருவகை ஈயும், உண்ணியும் மிகுதி. புழுக்கத்தில் கூடாரத்துக்குள் குழந்தைகள் தூங்க மாட்டார்கள்.

என் பரிந்துரை இரண்டு காலங்கள். மீன் பிடிக்கவும் படகு விடவும் விரும்புவோர் மார்ச் இறுதியிலிருந்து மே தொடக்கத்துக்குள் செல்லுங்கள். பறவைகளுக்காகச் செல்வோர் டிசம்பர், ஜனவரி மாதங்களைத் தேர்ந்தெடுங்கள். அப்போது வடதுருவப் பகுதியிலிருந்து வரும் டண்ட்ரா அன்னங்கள் பகலில் அறுவடையான சோள வயல்களில் மேய்ந்துவிட்டு, இரவைக் கழிக்க ஏரிக்குத் திரும்பும். குளிர் தாங்காத சிறு குழந்தைகள் இருந்தால் கூடாரத்தை விட்டுவிட்டு, அருகிலுள்ள ஊர்களான பிளிமத்திலோ கொலம்பியாவிலோ அறை எடுத்துக்கொண்டு, அதிகாலையில் பூங்காவுக்கு வந்து சேரலாம்.

2. தங்கும் இடத்தை முன்பதிவு செய்யுங்கள்

பூங்காவுக்குள் நுழையக் கட்டணம் இல்லை. படகை இறக்கும் துறைக்கும் கட்டணம் இல்லை. இரவு தங்குவதற்குத்தான் பணம் கட்ட வேண்டும்; குடும்பங்கள் தங்க இங்கே இருப்பவை 13 இடங்களே. வட கரோலினா மாநிலப் பூங்காத் துறையின் இணையதளத்துக்குச் சென்று, அங்கிருந்து முன்பதிவுப் பக்கத்துக்குள் நுழையுங்கள். தேடுபொறியில் முதலில் வரும் விளம்பர இணைப்பைச் சொடுக்க வேண்டாம். ஏப்ரல் மாதச் சனிக்கிழமைகளுக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே பதிவு செய்வது நல்லது. வார நாட்களில் பெரும்பாலும் இடம் கிடைக்கும்.

பதிவு செய்பவர் 18 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும், அவரே நேரில் வந்து தங்கவும் வேண்டும். நண்பர் ஒருவர் தம் பெயரில் பதிவு செய்துவிட்டுக் கடைசி நேரத்தில் வர இயலாமல் போனால் மற்றவர்களுக்குச் சிக்கல் நேரும். ஆகவே கட்டாயம் வரக்கூடியவரின் பெயரிலேயே பதிவு செய்யுங்கள். இரண்டு குடும்பங்கள் ஒரே இடத்தில் நெருக்கிக்கொண்டு தங்கலாம் என்று எண்ண வேண்டாம். ஓர் இடத்துக்கு ஆறு பேர், இரண்டு வண்டிகள் என்ற வரம்பு உண்டு. பக்கத்துப் பக்கத்து இடங்கள் இரண்டை எடுத்துக்கொண்டால் பணம் சற்றுக் கூடினாலும் நிம்மதியாக இருக்கலாம்.

திரையில் முதலில் தெரியும் இரவுக் கட்டணத்தோடு முன்பதிவுக் கட்டணமும் வரியும் சேரும். ரத்து செய்தால் முழுத் தொகையும் திரும்பி வராது. பணம் கட்டியதும் வரும் உறுதிச் சீட்டை அச்செடுத்தோ கைப்பேசியில் படமாகச் சேமித்தோ வைத்துக்கொள்ளுங்கள், அங்கே போய் மின்னஞ்சலைத் திறக்க முடியாமல் போகலாம். மின் இணைப்பை நம்பிச் செல்லாமல் கைவிளக்குகளையும் கைப்பேசிக்கான மின்சேமிப்புக் கலத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.

3. மீன்பிடி உரிமம்: இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்

தூண்டில் போட எண்ணம் இல்லாதவர்கள் இப்பகுதியைத் தாண்டிச் செல்லலாம். எண்ணம் உள்ளவர்கள் பொறுமையாகப் படியுங்கள், ஏனெனில் ஊரில் குளத்தங்கரையில் உட்கார்ந்து தூண்டில் போட்ட பழக்கத்தில் இங்கே போட்டுவிட முடியாது. 16 வயது நிறைந்த ஒவ்வொருவரும் தனித்தனியே உரிமம் வைத்திருக்க வேண்டும். கணவர் பெயரில் உள்ள உரிமம் மனைவிக்குச் செல்லாது. 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு உரிமம் தேவையில்லை.

முதல் சிக்கல், எந்த உரிமம் என்பது. வட கரோலினாவில் உள்நாட்டு நீர்நிலைகளுக்கு ஓர் உரிமமும், கடலோர நீர்ப்பரப்புக்கு வேறோர் உரிமமும் உண்டு. ஃபெல்ப்ஸ் ஏரி கடலுக்கு அருகில் இருப்பதால் கடலோர உரிமம்தான் வேண்டும் என்று எண்ணி அதை வாங்கி வந்த நண்பர் ஒருவரை எனக்குத் தெரியும். ஏரிக்கு உள்நாட்டு உரிமம்தான் வேண்டும். அதே பயணத்தில் அவுட்டர் பேங்க்ஸ் கடற்கரைக்கும் போய்த் தூண்டில் போடுவதாக இருந்தால் இரண்டும் தேவை. இரண்டையும் சேர்த்துத் தரும் கூட்டு உரிமமும் விற்கிறார்கள்.

இரண்டாவது, நீங்கள் மாநிலவாசியா இல்லையா என்பது. மாநிலவாசிக்கும் வெளியாருக்கும் கட்டணம் வேறு. நான் எடுத்தபோது மாநிலவாசிக்கு ஓராண்டு உள்நாட்டு உரிமம் 30 டாலர். வெளியாருக்கு அதைவிட நிறையக் கூடுதல். இங்கே குடிவந்து 60 நாட்களுக்குள் வட கரோலினா ஓட்டுநர் உரிமம் எடுத்தாக வேண்டும் என்பது சட்டம். அந்த வேலையை முதலில் முடித்துவிட்டு மீன்பிடி உரிமத்துக்கு வந்தால் மாநிலவாசி என்று காட்டுவதும் எளிதாகிவிடும். கலிஃபோர்னியா அல்லது டெக்சாஸ் ஓட்டுநர் உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவசரப்பட்டு விண்ணப்பிக்க வேண்டாம். விண்ணப்பிக்க உட்காரும்போது ஓட்டுநர் உரிமம், சமூகப் பாதுகாப்பு எண், பிறந்த தேதி, பணம் கட்டும் அட்டை ஆகியவை பக்கத்தில் இருக்கட்டும்.

மூன்றாவது, எங்கே வாங்குவது என்பது. மாநில வனவிலங்கு வள ஆணையத்தின் இணையதளத்திலும், அவர்களின் முகவர்களாக இருக்கும் விளையாட்டுப் பொருள் கடைகளிலும் வாங்கலாம். நான் முதன்முறை தேடுபொறியில் மேலே வந்த ஓர் இணையதளத்தில் விவரங்களை எல்லாம் கொடுத்துப் பணமும் கட்டினேன். மின்னஞ்சலில் வந்தது உரிமம் அன்று, உரிமம் வாங்குவது எப்படி என்று சொல்லும் ஒரு கையேடு. அட்டை நிறுவனத்திடம் முறையிட்டு அந்தத் தொகையைத் திரும்பப் பெற ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. பணம் கட்டும் முன் அது மாநில அரசின் இணையதளந்தானா என்று பாருங்கள். ஐயம் இருந்தால் நேரில் கடைக்குச் சென்று வாங்குங்கள். கடையில் பத்து நிமிட வேலைதான்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவோ மாமனாரோ ஒருநாள் தூண்டில் பிடிக்க ஆசைப்பட்டால், ஜூலை 4 அன்று இம்மாநிலத்தில் எவரும் உரிமம் இல்லாமல் மீன் பிடிக்கலாம். எந்த மீனை எத்தனை பிடிக்கலாம், எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்ற விதிகளுக்கு அன்றும் விலக்கு இல்லை. மற்ற நாட்களுக்குப் பத்து நாள் உரிமம் உண்டு.

ஏரியில் பெரியவாய் பாஸ், மஞ்சள் பெர்ச், கெளுத்தி ஆகியவை கிடைக்கும். உரிமத்தைக் கைப்பேசியில் காட்டினாலும் செல்லும். மின்கலம் தீர்ந்துபோனால் காட்ட ஏதும் இருக்காது என்பதால் ஒரு தாளில் அச்செடுத்து நெகிழி உறையில் போட்டுத் தூண்டில் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

4. படகு கொண்டு செல்வதாக இருந்தால்

இந்த ஏரியின் சராசரி ஆழம் நாலரை அடி. மிக ஆழமான இடத்திலும் 9 அடிதான். இதைக் கேட்டதும் ஆபத்து இல்லை என்ற எண்ணம் வந்துவிடும். ஆழம் குறைந்த, அகன்ற நீர்ப்பரப்பின் மேல் காற்று அடித்தால் குட்டையான அலைகள் அடுத்தடுத்து எழும். காலையில் கண்ணாடிபோல் இருந்த ஏரி மதியம் துடுப்புப் படகைக் கவிழ்க்கும் அளவுக்கு மாறிவிடுவதை நான் கரையில் நின்று பார்த்திருக்கிறேன். ஆகவே முந்தின இரவே காற்றின் வேகத்தைப் பாருங்கள், காலையிலேயே சென்று திரும்புங்கள், கரையை ஒட்டியே செல்லுங்கள்.

துடுப்பால் மட்டும் ஓட்டும் படகுக்குப் பதிவு தேவையில்லை. 10 குதிரைத்திறன் அல்லது அதற்கு மேற்பட்ட இயந்திரம் பொருத்திய படகை ஓட்டுபவர் 1988 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவராக இருந்தால், படகுப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்த சான்று வேண்டும். படகில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு மிதவைச் சட்டை இருக்க வேண்டும்; 13 வயதுக்குட்பட்டோர் அதைக் கட்டாயம் அணிந்திருக்க வேண்டும். பெரியவர்களும் அணிந்துகொள்ளுங்கள் என்பது என் வேண்டுகோள்.

5. சாமர்செட் பிளேசுக்கு முழு அரைநாள் ஒதுக்குங்கள்

பூங்காவை ஒட்டியே, ஒரு காலத்தில் அடிமைகளை வைத்து நடத்திய பெருந்தோட்டமான சாமர்செட் பிளேஸ் என்னும் மாநில வரலாற்றுத் தலம் இருக்கிறது. இது பூங்காவிலிருந்து வேறுபட்ட நிர்வாகம், வேறு நேரம். செவ்வாய் முதல் சனி வரை காலை 9 முதல் மாலை 5 வரை திறந்திருக்கும். ஞாயிறும் திங்களும் விடுமுறை. வெள்ளி இரவு பூங்காவில் தங்கி, சனி காலையில் இங்கே வருவதாகத் திட்டமிட்டால் சரியாக இருக்கும். சனி இரவு தங்கி ஞாயிறு பார்க்கலாம் என்று வைத்துக்கொண்டால் எங்களைப்போல் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். வழிகாட்டியுடன் தோட்ட உரிமையாளரின் பெரிய வீட்டுக்குள் செல்ல விரும்பினால் இரண்டு நாள் முன்பே தொலைபேசியில் அழைத்து, எத்தனை மணிக்கு, கட்டணம் உண்டா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். அரசு விடுமுறை நாட்களையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

குழந்தைகளை அழைத்துச் செல்வோர் ஒன்றை முன்கூட்டியே செய்ய வேண்டும். ‘தோட்டம்’ என்று நாம் தமிழில் சொன்னவுடன் பிள்ளைகளின் மனத்தில் பூச்செடிகள் வந்துவிடுகின்றன. பெரியவர்களுக்கு இலங்கை மலையகமும் மலேயாவும் நினைவுக்கு வருகின்றன. இங்கே நடந்தது கூலி வேலைகூட அன்று. மனிதர்கள் விலைக்கு வாங்கி உடைமையாக வைக்கப்பட்டிருந்தார்கள். 1786-இல் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து நேரடியாகக் கப்பலில் கொண்டுவரப்பட்ட 80 பேரும் மற்றவர்களும் இந்தச் சதுப்பு நிலத்தில், ஏரிக்கும் ஸ்கப்பர்நாங் ஆற்றுக்கும் இடையே 6 மைல் நீளமும் 20 அடி அகலமும் உள்ள வாய்க்காலைக் கையால் வெட்டினார்கள். பெருந்தோட்டம் நடந்த 80 ஆண்டுகளில் 850-க்கும் மேற்பட்டோர் இங்கே அடிமைகளாக வாழ்ந்திருக்கிறார்கள். ஐந்து நிமிடம் இதைக் காரிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு உள்ளே அழைத்துச் செல்லுங்கள்.

பெரும்பாலோர் பெரிய வீட்டின் முன்னால் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாமல், அடிமைகளின் குடியிருப்புகள் இருந்த இடத்தில் மறுபடி கட்டி வைத்திருக்கும் மரவீடுகளுக்குள் செல்லுங்கள். ஒற்றை அறை வீட்டில் நின்று சுற்றிலும் பாருங்கள்: ஓர் அடுப்பு, பலகைத் தரை, சிறிய சன்னல்; ஒரு குடும்பம் முழுவதும் அதற்குள் அடங்க வேண்டும். என் மகள் காலடி வைத்து அந்த அறையை அளந்தாள், அவளுடைய படுக்கையறை அளவுக்கும் வரவில்லை. அதன் பிறகு மருத்துவமனைக் கட்டடத்தையும், தண்டனைக்காக மனிதர்களைப் பூட்டி வைத்த மரத்தொழுவையும் பார்த்துவிட்டு வாய்க்கால் கரைக்கு வாருங்கள். தண்ணீர் அசைவில்லாமல் நேர்கோட்டில் கண்ணுக்கெட்டிய தூரம் கிடக்கும். 1986-இல் டோரத்தி ஸ்ப்ரூயில் ரெட்ஃபோர்ட் அம்மையார் முயற்சியில் அடிமைகளின் வழித்தோன்றல்கள் ஆயிரக்கணக்கானோர் இங்கே ஒன்றுகூடினார்கள். இன்றும் அவர்கள் வந்து போகும் இடம் இது. பிறந்தநாள் கொண்டாட்டத்தையும் பட்டுப்புடவைப் படப்பிடிப்பையும் இந்த வளாகத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏரிக்கரையில் அதற்கு வேண்டிய இடம் இருக்கிறது.

6. புறப்படும் நாள்

ராலேயிலிருந்து சுமார் 150 மைல், இரண்டரை மணி நேரம். கேரி, மோரிஸ்வில்லிலிருந்து மேலும் அரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். போய் வர 300 மைலுக்கு மேல் ஆகும். ஒரு கேலனுக்கு 30 மைல் ஓடும் வண்டிக்கு 10 கேலனுக்குச் சற்று மேல் பெட்ரோல் பிடிக்கும். வில்லியம்ஸ்டனிலோ பிளிமத்திலோ தொட்டியை நிரப்பிவிடுங்கள். மளிகை, பால், பனிக்கட்டி ஆகியவற்றையும் பிளிமத்திலேயே வாங்கிவிடுவது நல்லது. வழிகாட்டும் வரைபடத்தை இணையம் இல்லாமலும் பார்க்கும்படி வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பூங்காவின் வாயிற்கதவு இரவில் பூட்டப்படும். பூட்டும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், குளிர்காலத்தில் மிகவும் முன்னதாகவே அடைத்துவிடுவார்கள். பூட்டிய பிறகு முன்பதிவு வைத்திருப்பவரும் உள்ளே போக முடியாது. உள்ளே இருப்பவர் அவசரத் தேவை தவிர வெளியே வரவும் முடியாது. வெள்ளிக்கிழமை அலுவலகம் முடிந்து ஐந்தரை மணிக்குக் கிளம்பினால் டிசம்பரில் நிச்சயம் தாமதமாகிவிடும். அன்று மதியத்துக்கு மேல் விடுப்பு எடுத்து, இரண்டு மணிக்குள் வீட்டை விட்டுக் கிளம்புங்கள். நாங்கள் அந்த இரவு கதவுக்கு வெளியே நின்றதற்கு முழுக்காரணம் நேரத்தை விசாரிக்காத எங்கள் கவனக்குறைவே. மருந்து, பால் பொடி, மின்கலம் போன்றவற்றைக் கதவு அடைக்கும் முன் வாங்கி முடித்துவிட வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

7. சமையலும் கரடியும்

விறகை வீட்டுத் தோட்டத்திலிருந்து எடுத்துச் செல்ல வேண்டாம். மரங்களை அழிக்கும் பூச்சிகள் விறகோடு பரவும் என்பதால் வெளியிலிருந்து வரும் விறகுக்குக் கட்டுப்பாடு உண்டு. சூட்டில் பதப்படுத்தியது என்ற முத்திரை உள்ள கட்டையே வாங்குங்கள். மது அருந்த அனுமதி இல்லை.

இந்தத் தீபகற்பம் கருங்கரடிகள் மிக அடர்த்தியாக வாழும் பகுதிகளுள் ஒன்று. அவை மனிதரைத் தேடி வருவதில்லை, வாசனையைத் தேடித்தான் வரும். நம் சமையலின் வாசனை வெகுதூரம் போகும். சாப்பிட்டு முடித்ததும் குழம்புச் சட்டி, எண்ணெய்ப் புட்டி, ஊறுகாய், குழந்தையின் பிஸ்கட் பொட்டலம், பற்பசை உட்பட எல்லாவற்றையும் காருக்குள் வைத்துப் பூட்டிவிடுங்கள். கூடாரத்துக்குள் எந்த உணவும் கூடாது. மீனைக் கழுவிய தண்ணீரைக் கூடாரத்துக்குப் பக்கத்தில் ஊற்றாதீர்கள். புளியோதரை, சப்பாத்தி, இட்லி மிளகாய்ப்பொடி என்று கட்டிக்கொண்டு போனால் ஓரிரவுக்குச் சமைக்கவே தேவையில்லை, கழுவும் வேலையும் மிச்சம்.

8. ஏரியோரத்தில்

பெட்டிகுரூ குடும்பத்தின் பொனார்வா பெருந்தோட்டம் இருந்த இடத்தையும் அவர்களது குடும்பக் கல்லறையையும் பீ டிரீ நடைபாதையில் சென்றால் பார்க்கலாம். மேற்கே செல்லும் மொக்கசின் நடைபாதை அதைவிட நீளமானது, சிறு குழந்தைகளுக்கு அது அதிகம். பாதையை விட்டு இறங்காதீர்கள்; காட்டன்மவுத் என்னும் நஞ்சுள்ள நீர்ப்பாம்பு இங்கே உண்டு. நடந்து முடித்ததும் குழந்தைகளின் காது மடலிலும் முழங்கால் மடிப்பிலும் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். சக்கர நாற்காலியில் வருவோருக்குத் தனியே இருக்கும் சைப்ரஸ் பாயின்ட் பகுதியின் பலகைப்பாதை வசதியானது.

ஏரியின் அடியிலிருந்து 30 பழைய மரத்தோணிகள் கண்டறியப்பட்டுள்ளன. ஒன்று ஏறத்தாழ 4,400 ஆண்டு பழமையானது. தண்ணீர் வற்றும் காலத்தில் கரையில் மண்பாண்டத் துண்டோ கல்முனையோ கண்ணில் பட்டால் எடுக்கக்கூடாது. படம் எடுத்துப் பூங்கா அலுவலகத்தில் காட்டுங்கள்.

அன்னங்களைப் பார்க்க வந்தவர்கள் விடிவதற்கு அரைமணி முன்பே கரையில் இருக்க வேண்டும். இருட்டில் முதலில் சத்தம்தான் கேட்கும், பல நூறு பேர் தூரத்தில் ஒரே நேரத்தில் பேசுவதுபோல். வெளிச்சம் பரவத் தொடங்கியதும் கூட்டம் கூட்டமாக நீரை உதைத்துக்கொண்டு எழுந்து, தலைக்கு மேலே வயல்களை நோக்கிப் போகும். கால் மணி நேரத்தில் ஏரி வெறிச்சோடிவிடும். அந்தக் கால் மணியைத் தவறவிட்டால் மாலைதான். கையுறையும் தொலைநோக்கியும் கையோடு இருக்கட்டும். கைவிளக்கை அணைத்துவிட்டு, குடுவையில் சூடான காப்பியுடன் துறையின் ஓரத்தில் உட்காருங்கள்.